கணக்குத் தவறாமல் திருட்டுப் போன டீசல்

லாரி என்ஜினின் கம்ப்யூட்டருக்கு நம் பக்கத்து டிரைவர்கள் வைத்திருக்கும் பெயர்களை மட்டும் எழுதினாலே, இந்தச் சங்க மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கங்கள் நிறைந்துவிடும். பாதிப் பேருக்கு அது ‘மூளைப்பெட்டி’. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு ‘ஈசியெம்’. நத்தம் பக்கத்து டிரைவர் ஒருவர் அதை ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்பார். காரணம் கேட்டேன். “மூலையில சும்மாதாண்ணே உக்காந்துருக்கும். என்ன செய்யுதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அது மொகம் கோணுச்சுன்னா வீட்ல ஒரு வேலையும் ஓடாது” என்றார்.

அந்த மாப்பிள்ளையோடுதான் என் வேலைக்காலத்தின் பின்பாதி போயிற்று. திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து லாரி சர்வீஸ் நிலையம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றேன். சமீபத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, நித்யா என்ற புதிய டெக்னீஷியன் ஓர் இன்ஜெக்டரின் தலைக்கு நேரே போனை நீட்டினார். ‘டிங்’ என்றது. அதில் பொறித்திருந்த குறியீடு தானாகவே லேப்டாப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அவரோ என்னை அதைவிட அதிசயமாகப் பார்த்தார்.

“நீங்கல்லாம் இத ஊர்ப் பேரு சொல்லிக் கத்துவீங்களாமே, நெசமாண்ணே?”

நெசம்தான். அதையும், அதை வைத்து ஒரு மனுஷனின் பெயரைக் காப்பாற்றிய கதையையும் எழுதச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். எழுதுகிறேன்.

முதலில் இன்ஜெக்டர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆறு சிலிண்டர் வண்டியில் ஆறு இன்ஜெக்டர். கம்ப்யூட்டர் சொல்கிற நொடியில், சொல்கிற அளவு டீசலை உள்ளே பீய்ச்சுவது அவற்றின் வேலை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஆறு பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரிக் கரண்டிதான். ஆனாலும் ஒருவர் கை தாராளம், ஒருவர் கை இறுக்கம். இன்ஜெக்டரும் அப்படித்தான், ஒரே அச்சில் வார்த்த இரண்டுகூட ஒன்றுபோல இருக்காது. அதனால் தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றின் கைவாகையும் அளந்து, அதைக் குறியீடாக்கித் தலையில் பொறித்து அனுப்புகிறார்கள். அந்தக் குறியீட்டை நாம் கம்ப்யூட்டருக்குள் எழுத வேண்டும். எழுதிவிட்டால் பந்தி மேஸ்திரி மாதிரி அது ஆளுக்கு ஏற்றபடி அதட்டும்: நீ கொஞ்சம் குறைத்து ஊற்று, நீ கொஞ்சம் கூட ஊற்று.

நான் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் இல்லை. கையால் திருகிச் சரிசெய்கிற பழைய டீசல் பம்பில் கற்றுக்கொண்ட தொழில். கம்ப்யூட்டர் வண்டி வந்தபோது எங்களில் பல பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக மனசு வரவில்லை. பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு. பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு வந்ததுதான் எல்லாம்.

கேட்டது பெரும்பாலும் சவரிமுத்து சாரிடம். எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர். சட்டைக் காலருக்குள் மடித்த கர்ச்சீப் வைத்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும், லேப்டாப்பை மாட்டுவதற்கு முன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்வார். அது டிரைவருக்கு. முதலாளி கூட வந்திருந்தாலும் ஸ்டூல் டிரைவருக்குத்தான். அவரை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். வண்டி என்ன செய்தது? எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் யார் கை வைத்தது?

“அதான் லேப்டாப்பு இருக்கே சார்” என்று ஆரம்பத்தில் நான் சலித்துக்கொண்டதுண்டு.

“லேப்டாப்பு கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும் தங்கவேலு. டிரைவரு கேக்காததுக்கும் சொல்லுவாரு” என்பார்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு எங்கள் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றிலும் கோளாறு பெட்டியில்தான். சாமி கும்பிட்ட பிறகு ஏன் வண்டி நிற்கிறது என்ற கேள்வி சவரிமுத்து சாரைத் தூங்கவிடவில்லை. ஒரு வருஷம் பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் செய்கிற இடத்துக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் கூட இருந்தேன். வண்டிக்காரர் ஒருவர், “அந்தக் கறுப்புப் பெட்டி மேலதான் அம்புட்டு அழுக்கும் இருக்கு, நல்லா அடிப்பா” என்று பெட்டியைக் காட்டினார். பம்புக்காரர் குழாயைக் கிட்டே கொண்டுபோய் அடித்தார். பெட்டியின் கனெக்டருக்குள் தண்ணீர் போவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். சார் எழுந்து போய், “ஐயா, இதுக்கு அபிஷேகம் ஆகாது. விபூதி மட்டும் பூசுங்க, அது போதும்னு சொல்லும்” என்றார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டவர் வாயிலிருந்து அது வந்ததும் வண்டிக்காரர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பூஜைக்கு முன்பே வண்டிகளுக்குப் பாலித்தீன் பை கொடுத்து, பெட்டியைச் சுற்றிக் கட்டச் சொல்வது எங்கள் வழக்கமாயிற்று.

பை கட்டாமல் போன வண்டி ஒன்றுதான் நான் சொல்ல வந்த வண்டி.

ஒட்டன்சத்திரத்து நாச்சிமுத்துவுடையது. சொந்தமாக இரண்டு லாரி வைத்துக் கேரளத்துக்குக் காய்கறி ஏற்றுகிறவர். ஒரு லாரிக்கு டிரைவர் செல்லையா, சாணார்பட்டிப் பக்கத்து ஆள். வண்டியின் நடமாட்டம், வேகம், எவ்வளவு டீசல் எரிந்தது என்பதெல்லாம் முதலாளியின் போனுக்கு வருகிற வசதி அந்த வண்டியில் இருந்தது. பூஜை போய்க் கொஞ்ச மாதம் ஆகியிருக்கும். நாச்சிமுத்து வண்டியோடு வந்து இறங்கினார். செல்லையா தனியாகப் பஸ்ஸில் வந்து கேட் ஓரமாக நின்றார்.

“ஏனுங்க, வண்டில ஒரு கோளாறும் இல்லீன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க” என்றார் நாச்சிமுத்து. “நாளைக்கு ஸ்டேஷன்ல குடுக்கோணும்.”

விஷயம் இதுதான். என்ஜின் இவ்வளவு எரித்தது என்று போன் சொல்கிறது. பெட்ரோல் பங்கில் போட்ட டீசல் அதைவிடக் கூட. ஒவ்வொரு நடைக்கும் இடிக்கிறது. இடைப்பட்டது எங்கே? செல்லையா வழியில் விற்றுவிட்டார் என்பது நாச்சிமுத்துவின் முடிவு. அவரை வண்டியை விட்டு இறக்கியாயிற்று. ஒட்டன்சத்திரம் சந்தை லாரிக்காரர்களின் வாட்சப் குழுவில் செல்லையாவின் போட்டோவைப் போட்டு, இந்தத் திருடனுக்கு யாரும் வண்டி கொடுக்காதீர்கள் என்று பேசியும் அனுப்பியிருந்தார். அதிலிருந்து செல்லையாவை யாரும் வண்டியில் ஏற்றவில்லை. மீதி இருந்தது போலீஸ் மட்டும்தான். அதற்குத்தான் எங்கள் பேப்பர்.

நான் லேப்டாப்பை மாட்டினேன். கோளாறு ஒன்றுகூடக் காட்டவில்லை. பெட்டியில் இருந்த சேஸிஸ் நம்பரும் வண்டியின் நம்பரும் ஒன்று. அவர் கேட்ட பேப்பரை அங்கேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சவரிமுத்து சார் ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

“ஏப்பா செல்லையா, இப்பிடி வா. உக்காரு.”

செல்லையா உட்காரவில்லை. “என்னத்தக் கேக்கப் போறீங்க சார்? எல்லாரும் கேக்குறதத்தான நீங்களும் கேப்பீங்க, யாருட்ட வித்தேன்னு?”

“நான் வண்டியப் பத்திக் கேக்குறேன்ப்பா. உக்காந்து சொல்லு. வண்டி என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. சொல்லப்போனா முந்திக்கு இப்பத்தான் நல்லா இழுக்குது. மலை ஏத்தத்துல கியர் மாத்தாமலே போயிருது.”

நாச்சிமுத்து தொடையைத் தட்டினார். “கேட்டுக்கோங்க. வண்டி நல்லா இருக்குதுன்னு அவனே ஒத்துக்கறானுங்க.”

சார் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “எப்பலருந்து நல்லா இழுக்குது?”

“பெட்டி மாத்துனதுலருந்து.”

“எந்தப் பெட்டி?”

“மூளைப்பெட்டி சார். பூசைக்கு வாட்டர் வாஷ் அடிச்சுட்டுப் போனமா, கேரளாவுல போயி வண்டி நின்னுருச்சு. மொதலாளிதான் போன்லயே பேசி ஒரு கடைக்காரன வரச்சொன்னாரு. அவன் ஒடச்ச வண்டிலருந்து கழட்டுன பெட்டி ஒண்ணக் கொண்டாந்து மாட்டுனான். லேப்டாப்புல என்னமோ தட்டுனான். செத்த நேரத்துல வண்டி கெளம்பிருச்சு.”

சார் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டால் கண்ணாடியில் அழுக்கு இருக்கிறதோ இல்லையோ துடைப்பார்.

பிறகு நாச்சிமுத்துவின் போனை வாங்கி, பழைய நடைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பெட்டி மாற்றுவதற்கு முன்பு போனும் பங்கும் ஒத்துப்போயின. மாற்றிய பிறகு போன் காட்டியது பங்கைவிடக் குறைவு. கிட்டத்து நடைக்குக் குறைவு கொஞ்சம், தூரத்து நடைக்கு அதிகம். ஆனால் எந்த நடையை எடுத்தாலும் வீதம் மட்டும் மாறவே இல்லை.

“மொதலாளி, ஆள் ஒருநா பயந்துக்கிட்டுக் கொஞ்சமா எடுப்பான், ஒருநா துணிஞ்சு நெறைய எடுப்பான். ஒருநா காய்ச்சல்ல படுத்துக்கிட்டு எடுக்காமலே விட்ருவான். இம்புட்டு ஒழுங்கா எவனாச்சும் திருடுவானா?”

“கெட்டிக்காரத் திருடனா இருப்பானுங்க.”

“அப்பிடிக் கெட்டிக்காரனா இருந்தா ஒங்ககிட்ட ஏன் வண்டி ஓட்டுறாரு?” என்றேன் நான். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

என்ஜின் மேல்மூடியைக் கழற்றி இன்ஜெக்டர்களின் தலையைப் பார்க்க வேண்டும் என்றார் சார். நாச்சிமுத்து ஒரே பிடியாக மறுத்தார். நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது பிரிப்பார்களா? சார் வற்புறுத்தவில்லை. பழனியில் இறக்க வேண்டிய மாட்டுத்தீவன மூட்டைகள் வண்டியில் இருந்தன.

“சரி, பிரிக்க வேணாம். பழனிக்கு வண்டிய நீங்களே ஓட்டுங்க. செல்லையா இங்கனயே இருக்கட்டும்.”

முழு டேங்க் சோதனை என்போம் அதை. சொல்லச் சுலபம், செய்யப் பொறுமை வேண்டும். பங்கில் வண்டி நிற்கிற இடம் சமதளமாக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் டேங்கில் காற்று தங்கி ஏமாற்றும். கழுத்துவரை ஊற்றி, வண்டியை ஆட்டி, நுரை அடங்கும்வரை நின்று, மறுபடி ஊற்ற வேண்டும். திரும்பி வந்து அதே இடத்தில், அதே பம்பில், அதே மாதிரி ஊற்றினால்தான் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு நிற்கும். நாச்சிமுத்து டேங்க் மூடியைத் தானே பூட்டி, மேலே டேப்பும் ஒட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் இடது பக்க சீட்டில் ஏறினேன்.

அவர் நன்றாக ஓட்டினார். அவரும் டிரைவராக இருந்து முதலாளி ஆனவர்தான். ரெட்டியார்சத்திரம் தாண்டினோம். பிறகு தானாகச் சொன்னார்: “அவனும் நானும் ஒரே தட்டுல சோறு தின்னவங்கதானுங்க. திருடுனான்ங்கறதக்கூடப் பொறுத்துக்குவேன். இத்தன வருசம் ஏமாந்துருக்கான் பாருன்னு சந்தையில சிரிப்பாங்கல்லங்க, அதத்தான் பொறுக்க முடியல.”

மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பினோம். வழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. டேப் ஒட்டினபடி இருந்தது. அதே இடத்தில் வண்டியை நிறுத்தினோம். பங்கு ஊழியர் ஊற்ற ஆரம்பித்தார். நாச்சிமுத்து ஒரு கண்ணால் போனையும் ஒரு கண்ணால் பம்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் இருந்த அளவைப் பம்பு எட்டியது. தாண்டியது. இன்னும் போய்க்கொண்டே இருந்தது.

“இன்னும் புடிக்குதாப்பா?”

“புடிக்குதே.” பங்கு ஊழியருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. நாச்சிமுத்துவின் போனை எட்டிப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு கிண்டலுக்குச் சொன்னார்: “என்ன மொதலாளி, போனுல கம்மியாக் காட்டுது? வழியில எங்கயும் வித்துட்டு வந்துட்டீங்களா?”

நாச்சிமுத்துவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தை.

“பிரிங்க.”

மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் சுற்றிலும் துடைத்துக் காற்றடிக்க வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது வேறு கதையாகிவிடும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து மாற்றி மாற்றித் தளர்த்தினேன். ஆறு தலைகளும் கரிய எண்ணெய்க்குள் இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து, டார்ச் அடித்து, கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும்.

இங்கேதான் நித்யா கேட்ட ஊர்ப் பெயர்கள். குறியீட்டில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்திருக்கும். ஒர்க்‌ஷாப் இரைச்சலில் எழுத்துகள் காதுக்கு ஒன்றுபோலவே விழும். அதனால் மேலே படிக்கிறவர் எழுத்துக்குப் பதில் அதில் தொடங்கும் ஊர்ப் பெயரைக் கத்துவார். கீழே லேப்டாப்பில் இருப்பவர் அதையே திருப்பிக் கத்துவார். பார்க்கிறவர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

“ஒண்ணாவது சிலிண்டர்! பழனி, ஏழு, நத்தம், பாலசமுத்திரம்…” நான் மேலேயிருந்து கத்தினேன்.

லேப்டாப்பில் இருந்தவர் பீட்டர். என் கூட்டாளி, வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாதவர். “அண்ணே, இந்த பஸ் அந்தப் பக்கமே போகல. இங்க சாணார்பட்டின்னுல்ல ஆரம்பிக்குது!”

“ரெண்டாவதப் பாரு!”

“அதுவும் வேற ரூட்டுண்ணே!”

ஆறும் ஒட்டவில்லை. சவரிமுத்து சார் செல்லையாவையும் நாச்சிமுத்துவையும் பக்கத்தில் கூப்பிட்டு விளக்கினார். கேரளத்துக் கடைக்காரர் பழைய பெட்டியில் சேஸிஸ் நம்பரை மட்டும் மாற்றியிருக்கிறார். இன்ஜெக்டர் குறியீடுகளைத் தொடவில்லை. செத்துப்போன வேறு லாரியின் ஆறு பேரையே அது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கை இறுக்கமானவர்கள். அதனால் ‘கூட ஊற்று, கூட ஊற்று’ என்று அதட்டியது. இங்கே இருந்தவர்களோ தாராளக் கைக்காரர்கள். அதட்ட அதட்ட அள்ளி ஊற்றினார்கள். வண்டி மலையில் அப்படி ஏறியது அதனால்தான். பெட்டி மட்டும், சரியான அளவுதான் போகிறது என்று நம்பி, அந்தக் கணக்கையே போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

“அப்ப பெட்டி பொய் சொல்லுதுங்களா?”

“பொய் சொல்லல மொதலாளி. தனக்குத் தெரிஞ்சதச் சொல்லுது. அதுக்குத் தெரிஞ்சது வேற வீடு.”

எழுதும் வேலை மிச்சம். பேட்டரி நடுவில் சோர்ந்தால் பெட்டியே பாழாகும் என்று சார்ஜரை மாட்டினோம். குறியீட்டைச் சிலிண்டர் வரிசைப்படி எழுத வேண்டும், காற்றாடிப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று. சிலிண்டர்களுக்குள் டீசல் வெடித்து எரிகிற வரிசை வேறு. அதில் எழுதிவிட்டு முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் எழுதி, திரும்பப் படித்து, ஊர்ப் பெயர்களை இன்னொரு முறை கத்தி ஒப்பிட்டோம். கடைசியில் இக்னிஷனை அணைத்த பிறகு, பெட்டி எழுதியதை மனசில் வாங்கிக்கொண்டு தூங்குகிறவரை காத்திருக்க வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் விடும் ரிலே ‘டக்’ என்னும். அதுவரை யாரும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பாமலிருக்க, சார் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அன்றைக்கும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நாச்சிமுத்து ஒரு லோடோடு அதே சாலையில் போய்வந்து, அதே பங்கில் நிரப்பினார். போனும் பம்பும் ஒத்துப்போயின.

செல்லையாவும் வந்திருந்தார். ஒர்க்‌ஷாப் நடுவில் நாச்சிமுத்து வந்து நின்றார். பிறகு போனை எடுத்து வாட்சப் குழுவைத் திறந்து, வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்: “எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம வண்டில டீசல் கொறஞ்சதுக்குக் காரணம் வண்டிக் கோளாறுங்க. திண்டுக்கல்லுல பாத்தாச்சு, சரியாயிருச்சுங்க.”

அனுப்பப் போனார்.

“மொதலாளி” என்றார் செல்லையா. “வண்டியப் பத்தி அங்க யாரும் கேக்கலையே. எம்பேரச் சொல்லித்தான திருடன்னீங்க. எம்பேரச் சொல்லிப் பேசுங்க.”

நாச்சிமுத்து பேசியதை அழித்துவிட்டு, போனை மறுபடி வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ப் பேசினார்.

“நான் நாச்சிமுத்து பேசறனுங்க. செல்லையா திருடலீங்க. எம்பட வண்டில அவன் ஒரு சொட்டு டீசல் எடுக்கலீங்க. நாந்தான் அவனத் தப்பாச் சொல்லிப்போட்டேன்.”

அனுப்பினார். செல்லையா தன் போனைத் திறந்தார். யாரும் அவரைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கவில்லை போலும். முழுதாக ஒரு தடவை போட்டுக் கேட்டார். பின்னணியில் எங்கள் ஒர்க்‌ஷாப் கம்ப்ரெசர் ஓடும் சத்தமும் அதில் பதிந்திருந்தது.

நாச்சிமுத்து லாரிச் சாவியை நீட்டினார். செல்லையா வாங்கவில்லை.

“சந்தை வரைக்கும் நீங்களே ஓட்டுங்க மொதலாளி. நான் எடது பக்கம் உக்காந்து வாரேன். இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும்.”

நாச்சிமுத்து ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். செல்லையா கேபினைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் திரும்பும்போது பார்த்தேன். இடது ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முழங்கை வெளியே நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தார் செல்லையா.